திருடர் வருவதற்கு முன் செய்ய வேண்டியவை

முதலில் உங்களுக்கு ஒரு திருடர் வேண்டும். கேமரா விலை விசாரிப்பதெல்லாம் அதற்கு அப்புறம். திருடு போகக்கூடியது வீட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நகை வங்கி லாக்கரில் இருக்கும், இல்லாவிட்டால் அடகில் இருக்கும். பணம் செல்போனுக்குள் போய் வெகுகாலம் ஆகிறது. டிவியைச் சுவரோடு சேர்த்து அறைந்திருக்கிறார்கள். அதைக் கழற்ற ஆளும் ஏணியும் வேண்டும். பட்டியல் இப்படியே வறண்டுகொண்டு போனால் மனம் தளராதீர்கள். உண்மையில் காணாமல் போகிறவற்றை எழுதுங்கள். காம்பவுண்டு ஓரத்துச் செம்பருத்தி, நந்தியாவட்டை. கேட்டில் மாட்டிய பையிலிருந்து ஒரு பால் பாக்கெட். விசேஷ நாளில் வாசலில் விட்ட நல்ல செருப்பு. ஞாயிற்றுக்கிழமை பேப்பர். இவற்றை எடுப்பவர்கள் முகமூடி போடுவதில்லை. நெற்றி நிறைய விபூதியோடு வருகிறார்கள். அதனால் அடையாளம் காண்பது சுலபம். உங்களுக்கு கேமரா அவசியம் என்பது இத்துடன் நிரூபணமாகிவிட்டது.

வயர்லெஸ் கேமராவே வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் பெரிதாக 'வயர்லெஸ்' என்று போட்டிருக்கும். திறந்தால் முதலில் கையில் வருவது ஒரு வயர். படம்தான் காற்றில் போகிறது. மின்சாரம் அடாப்டர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். கேமராவை மாட்ட நினைத்த சன்ஷேடுக்கு அடியில் பிளக் பாயிண்ட் இருக்காது. தமிழ்நாட்டில் எந்தக் கொத்தனாரும், எந்த எலக்ட்ரீஷியனும், எந்த வாஸ்து நிபுணரும் அங்கே ஒரு பாயிண்ட் வேண்டும் என்று இதுவரை சொன்னதில்லை. ஆகவே ஹாலிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு, ஜன்னல் வழியாக ஒயரை வெளியே இழுக்க வேண்டும். அந்த ஜன்னல் அன்றிலிருந்து முழுசாகச் சாத்தாது. திருடர் உள்ளே வர ஒரு வழியும் செய்து கொடுத்துவிட்டு, பிறகு அவரைப் படம் பிடிப்பதுதான் முறை.

பேட்டரியில் ஓடுகிற ரகமும் உண்டு, மேலே சின்ன சோலார் பலகை வைத்தது. சார்ஜை மிச்சம் பிடிக்க அது எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும். மனித உடம்பின் வெப்பம் எதிரே அசைந்தால் விழிக்கும். சுற்றுப்புறத்துக்கும் உடம்புக்கும் இருக்கிற வெப்ப வித்தியாசத்தை வைத்துத்தான் அந்த சென்சார் ஆளைக் கண்டுபிடிக்கிறது. கத்திரி வெயில் மத்தியானத்தில் சுவர், தரை, திருடர் மூன்றும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பதால் அதற்குச் சுவர் எது, திருடர் எது என்று புரியாது. மார்கழியில் நன்றாகப் புரியும். அப்போதும் விழித்து, சோம்பல் முறித்து, பதிவைத் தொடங்குவதற்குள் ஆள் திரும்பிப் போய்க்கொண்டிருப்பார். முதுகை வைத்து ஆளைச் சொல்லும் திறமை உள்ள வீட்டாருக்கு இந்த ரகம் பொருந்தும்.

அடுத்தது மெகாபிக்சல். கடைக்காரத் தம்பி 2, 3, 5 என்று ஏலம் விடுவார். அவரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: 'என்ன தூரத்தில் முகம் தெரியும்?' கண்காணிப்புக் கேமராக்களுக்கென்று சர்வதேசத் தரநிலை ஒன்று இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரைச் சந்தேகமில்லாமல் அடையாளம் காண, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் விழ வேண்டும் என்றது அதன் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு. நம் ஊரில் அதிகம் விற்கிற 2 மெகாபிக்சல் கேமராவில் குறுக்கே 1920 பிக்சல்தான். தெரு முழுக்கத் தெரிய வேண்டும் என்று 110 டிகிரி அகல லென்ஸ் கேட்டு வாங்கிவிட்டீர்களானால், கணக்குப் போட்டால் அந்த 250 கிடைப்பது ஏறக்குறைய 9 அடிக்குள் மட்டும். ஏற்கெனவே தெரிந்த முகமென்றால் பாதி பிக்சல் போதும். 18 அடி வரை தாக்குப் பிடிக்கும். அதற்கு அப்பால் 'யாரோ', இன்னும் தள்ளிப் போனால் 'ஏதோ'. கேட் 20 அடியில் இருக்கிற வீட்டுக்காரர் கவனிக்க வேண்டியது என்னவென்றால், வருகிற திருடர் பக்கத்தில் வந்து அண்ணாந்து பார்க்கிறவராக இருக்க வேண்டும். அல்லது முன்பே அறிமுகமானவராக இருக்க வேண்டும். இரண்டாவது பெரும்பாலும் கைகூடும்.

ராத்திரியில் கேமரா அகச்சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கருப்பு வெள்ளையில் பார்க்கும். நமக்கு அந்த வெளிச்சம் தெரியாது. பூச்சிகள் எப்படியும் வரும். பூச்சிக்காகச் சிலந்தி வரும், சிலந்திக்காகப் பல்லி வரும். லென்ஸுக்கு முன்னால் ஒற்றை இழை ஆடினாலும் போதும், படத்தில் அது தாம்புக் கயிறு தடிமனில் வெள்ளையாக ஜொலிக்கும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் உங்கள் போனில் 'அசைவு கண்டறியப்பட்டது' என்று மணி அடிக்கும். ஆகவே கேமராவோடு சேர்த்து ஒரு நீள ஒட்டடைக் கம்பும் வாங்குங்கள். பெட்டியில் போட்டிருக்கிற துணைக்கருவிப் பட்டியலில் இதை ஏனோ விட்டுவிடுகிறார்கள். மழைக்குப் பயந்து ஜன்னல் கண்ணாடிக்கு உட்புறமாக வைத்தால் பூச்சித் தொல்லை கிடையாது. அகச்சிவப்பு வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, இரவெல்லாம் வெள்ளைப் படலம் ஒன்றைத் துல்லியமாகப் பதிவு செய்யும். வெளியில் மாட்டுவதானால் ஐபி65, ஐபி66 என்று ஒரு எண் இருக்கிறதா பாருங்கள். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐப்பசி அடைமழையில் கேமரா பிழைத்துக்கொள்ளும். அதன் அடாப்டருக்கு அப்படி எண் எதுவும் கிடையாது. பாலிதீன் கவர் கட்டுங்கள்.

பதிவு எங்கே தங்குகிறது என்பதைப் பலர் கேட்பதே இல்லை. பெரும்பாலும் கேமராவின் வயிற்றுக்குள்ளேயே, நகம் அளவு மெமரி கார்டில். விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் எழுதினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 22 ஜிபி ஆகும். 64 ஜிபி கார்டு மூன்று நாளைக்குக்கூட முழுசாகக் காணாது. நிறைந்ததும் பழையதை அழித்து அதன்மேல் எழுதத் தொடங்கிவிடும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஐந்தாம் நாள் திரும்பினால், போகிக்கு வந்த திருடரை அழித்து, காணும் பொங்கலன்று வந்த பூனையை எழுதி வைத்திருக்கும். 128 ஜிபி போடுங்கள், அசைவு இருக்கும்போது மட்டும் பதியச் சொல்லுங்கள், இடைவிடாமல் எழுதத் தாங்குகிற ரகக் கார்டாகக் கேட்டு வாங்குங்கள். இது மூன்றும் விளையாட்டுக்குச் சொன்னதில்லை. ஆனால் கேமராவையே பிடுங்கிக்கொண்டு போகிற திருடரோடு அவர் நடித்த படமும் கூடவே போய்விடும். 'ஹார்டு டிஸ்க்கையும் எடுத்துச் சென்றனர்' என்று பேப்பரில் வருகிறதே, அதன் சின்ன வடிவம். அந்தக் காலத்தில் மிளகாய்ப் பொடி தூவிவிட்டுப் போவார்கள், மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிடும். தொழில் வளர்ந்திருக்கிறது. நாய்க்குத்தான் வேலை குறைந்துபோனது.

மாட்டுகிற உயரம் ஒரு சங்கடமான விஷயம். கைக்கு எட்டினால் திருடர் திருப்பி வைத்துவிடுவார். எட்டாத உயரத்தில் மாட்டினால் தெருவில் யாருக்கெல்லாம் உச்சியில் முடி கொட்டியிருக்கிறது என்ற விவரம் மட்டும் சேரும். எட்டு, ஒன்பது அடியில் மாட்டி, முகத்தைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ப்பது வழக்கம். அந்த இடத்தில் ஏற்கெனவே நாக்கைத் தொங்கவிட்டபடி திருஷ்டி பொம்மை ஒன்று இருக்கும். அதைக் கழற்றச் சம்மதம் கிடைக்காது, பக்கத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். வருகிறவர்களைப் பார்க்கிற வேலையை இத்தனை வருஷமாக மின்சாரமே இல்லாமல் அதுதான் பார்த்துவந்தது. வேண்டுமானால் 'இந்த இடம் கேமரா கண்காணிப்பில் உள்ளது' என்ற பலகையும் ஒன்று மாட்டலாம், நாயே இல்லாத வீட்டில் தொங்கும் 'நாய்கள் ஜாக்கிரதை'க்குக் கீழே.

இப்போது இணைப்பு. கேமரா உரத்த குரலில் இங்கிலீஷில் பேச ஆரம்பிக்கும். பயப்பட வேண்டாம், அது பிறந்த ஊர் வேறு. செயலியை இறக்கினால் அது உங்கள் பிறந்த தேதி, இருப்பிடம், தொலைபேசித் தொடர்புகள் எல்லாவற்றையும் கேட்கும்; வீட்டைக் காவல் காக்க வந்தவர் இவ்வளவு விசாரிப்பது நியாயம்தான் என்று கொடுத்துவிடுவோம். (கொடுக்காதீர்கள். தொடர்புப் பட்டியல் இல்லாமலும் கேமரா ஓடும்.) பிறகு போன் திரையில் ஒரு கட்டம் தோன்றும், அதைக் கேமராவின் முகத்துக்கு நேரே, கற்பூரம் காட்டுகிற பாவனையில், மெதுவாக முன்னும் பின்னும் காட்ட வேண்டும். ஒன்றும் நடக்காது. காரணம், உங்கள் வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை இருக்கிறது. விலை குறைந்த கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு முதலாவது மட்டும்தான் தெரியும். சுவரைத் தாண்டுவதும் அதுவே நன்றாகத் தாண்டும். போனையும் அதற்கே மாற்றிவிட்டு மறுபடி காட்டுங்கள். அதற்கும் அசையவில்லையா? கேமராவின் பின்பக்கம் ஒரு ஊசித் துளை இருக்கும். வீட்டு அம்மாளிடம் ஒரு சேஃப்டி பின் வாங்கி அதில் குத்தி, கேமரா தன் பூர்வஜென்மத்தை மறக்கும் வரை அழுத்திப் பிடியுங்கள். இந்தக் கட்டத்தில்தான் பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பையன் வந்து இரண்டு நிமிஷத்தில் முடித்துக் கொடுப்பான். அவனை முதலிலேயே கூப்பிட்டுவிட்டால் மேலே சொன்ன எதுவும் தேவைப்படாது.

கடவுச்சொல் வைக்கும்போது அவனை அனுப்பிவிடுங்கள். 'அட்மின்', '123456' என்று பெட்டியோடு வந்ததையே வைத்துக்கொண்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். 2016இல் மிராய் என்றொரு நிரல் உலகமெங்கும் இணையத்தில் சுற்றியது. அதனிடம் அறுபத்துச் சொச்சம், ஆலையிலேயே வைத்து அனுப்பிய கடவுச்சொற்கள் இருந்தன, அவ்வளவுதான். கேமராக்கள், ரவுட்டர்கள், பதிவுப் பெட்டிகள் என்று வீடு வீடாகத் தட்டிப் பார்த்து, திறந்த கதவிலெல்லாம் குடியேறியது. அந்த ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி அப்படிப்பட்ட கருவிகள் ஒரு லட்சம் வரை சேர்ந்து டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சர்வர்களை முற்றுகையிட, ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குப் பல மணி நேரம் திறக்கவில்லை. திருடரைப் பிடிக்க மாட்டிய கேமராக்கள் உரிமையாளருக்குத் தெரியாமலே அடியாள் வேலைக்குப் போயிருந்தன. மிராயை எழுதிய மூன்று அமெரிக்க இளைஞர்கள் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் அதைத் தொடங்கியது மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களைச் சுற்றிய வியாபாரப் போட்டியில். உங்கள் கேமரா இன்னொரு நாட்டைக் கவிழ்த்தால் கவிழ்க்கட்டும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாவியை எந்தப் பூத்தொட்டிக்கு அடியில் வைக்கிறீர்கள் என்பதும் அதில் தெளிவாக, வண்ணத்தில், 9 அடிக்குள் பதிவாகிறது. யோசித்துக் கடவுச்சொல் வையுங்கள்.

எல்லாம் முடிந்தது, இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று யாராவது சொன்னால் அவர் கேமரா வைத்திராதவர். முதல் வாரம் போன் ஓயாது. தென்னை ஓலை அசைந்தது. காகம் உட்கார்ந்தது. காகம் போனது. ஸ்விக்கி பையன் எதிர்வீட்டைத் தேடி நம் வீட்டைப் பார்த்தான். இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் பசுமாடு ஒன்று கேட்டுக்கு முன்னால் நின்று நேராக உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். கூர்க்காவுக்காவது மாதம் ஒரு தொகை கொடுத்தோம், அவர் விசிலடித்துவிட்டுப் போனார். இப்போது ராத்திரி முழுக்க விழித்திருப்பது வீட்டுக்காரர், சம்பளம் கிடையாது. இரண்டாம் வாரம் அறிவிப்பை அணைத்துவிடுவீர்கள். அணைக்காமல், செயலிக்குள் போய் அசைவைக் கவனிக்க வேண்டிய பகுதியைக் கேட்டோடு நிறுத்திக் கோடு போட்டு, மனித உருவம் மட்டும் போதும் என்று தேர்ந்தெடுத்தால் முக்கால்வாசி ஓயும். இதை யாரும் செய்வதில்லை, ஏனென்றால் அதற்குள் தெரு நடப்பு பழகிவிட்டிருக்கும்.

பழகியபின் தெரியவருவதுதான் பூ விஷயம். விடிவதற்கு முன், ஐந்து மணிவாக்கில், கையில் ஒரு கவரும் முனை வளைந்த கம்புமாக ஒருவர் காம்பவுண்டுக்கு வெளியே நின்று ஒவ்வொரு கிளையாக வளைத்து, மொட்டைக்கூட விடாமல் பறிப்பார். அவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். கேமரா வையுங்கள் என்று கூட்டத்தில் தீர்மானம் முன்மொழிந்தவரும் அவரே. இதற்கு என்ன செய்வது? ஒன்றும் செய்ய முடியாது. பூவெல்லாம் பிள்ளையாருக்குப் போகிறது. காலையில் நடைப்பயிற்சியில் எதிர்ப்பட்டால் வழக்கம்போலக் கும்பிடுங்கள். வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகப் பாருங்கள். இவ்வளவுக்குத்தான் அந்தக் கேமரா விலை. 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தில் வைத்த கேமராவும் இப்படித்தான். காபி ஜாடியில் காபி இருக்கிறதா என்று எழுந்து போகாமல் பார்ப்பதற்கு வைத்தார்கள், பிற்பாடு அது உலகப் புகழ் பெற்றது. காபி தீர்ந்துபோவதை அது ஒருநாளும் தடுக்கவில்லை.

வீட்டுக்குள் வைக்கிற கேமரா வேறு சாதி. அதை வாங்குவது நீங்கள் இல்லை, நியூஜெர்சியில் இருக்கிற பிள்ளை. விடுமுறைக்கு வந்தபோது ஹால் மூலையில் மாட்டிவிட்டுப் போவான். தலையைச் சுற்றித் திருப்புகிற ரகம், இருபுறமும் பேசலாம். அவனுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் நமக்கு ராத்திரி பத்தரை. அரைத் தூக்கத்தில் இருக்கும் பாட்டிக்கு மேலே, உத்தரத்துக்குப் பக்கத்திலிருந்து, 'ஏன் பாட்டி ஃபேனைப் போடல?' என்று குரல் வரும். பாட்டி எழுந்து உட்கார்ந்து கும்பிடுவாள். அசரீரி என்று ஒன்று இருக்கிறது என அவள் ஐம்பது வருஷமாகச் சொல்லி யார் கேட்டார்கள்? அப்பாவின் பாடு வேறு. 'ஏம்ப்பா, அந்த மைசூர்பா டப்பா எதுக்கு உங்க கையில?' என்று கேட்டால் ஒரு மனிதர் என்ன பதில் சொல்வார்? அதனால் அவர் தொழில்நுட்பம் கற்றுக்கொள்வார். கேமரா தலையைத் திருப்பும்போது மெல்லிசாக ஒரு மோட்டார் சத்தம் வரும். அது கேட்டால் பிள்ளை முழித்துக்கொண்டிருக்கிறான். கேட்காத வேளையில், ஃபிரிட்ஜுக்கும் சமையலறைச் சுவருக்கும் நடுவே கேமராவுக்கு எட்டாத இரண்டடி இடம் ஒன்று உண்டு. அந்த வீட்டில் இப்போது எல்லோரும் அதிக நேரம் நிற்பது அங்கேதான். மேலே துண்டைப் போட்டு மூடலாமே என்று தோன்றும். மூடினால் அடுத்த நிமிஷம் அமெரிக்காவிலிருந்து போன் வரும், வேறு மாதிரிப் பதறிய குரலில். அப்புறம் துண்டு போட மனசு வராது.

1966இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸ், மின்னணு டெக்னீஷியனான தன் கணவரோடு சேர்ந்து வீட்டுக் கேமரா ஒன்றை வடிவமைத்தார். 1969 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. வேளை கெட்ட வேளையில் தனியாக இருக்கும்போது கதவைத் தட்டுவது யார் என்று படுக்கையில் இருந்தபடியே பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பார்த்துவிட்டு, வேண்டியவர் என்றால் பொத்தானை அழுத்திக் கதவைத் திறக்கலாம். வேண்டாதவர் என்றால் அலாரம். மூன்றாவது ஒரு வகை இருப்பதை அவர் யோசிக்கவில்லை. நன்கொடை நோட்டோடு வருபவர், கல்யாணப் பத்திரிகையை நேரில்தான் வைப்பேன் என்று ஒரு மணி நேரம் உட்காருபவர், போன மாதம் வாங்கிய கைமாற்றைப் பற்றிப் பேசாமல் மீண்டும் வருபவர். இவர்களுக்காக, டிவியை மியூட்டில் போட்டுவிட்டுக் குடும்பமே மூச்சை அடக்கி ஒரு செல்போன் திரையைச் சுற்றி நிற்கும் முறை நம் நாட்டுச் சேர்க்கை. அப்போது பேசுகிற பொத்தானில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. பக்கத்து வீட்டுக் குளியலறையோ படுக்கையறை ஜன்னலோ உங்கள் படத்தில் விழக்கூடாது. ஒரு பெண்ணை அவருடைய அந்தரங்க வேளையில் படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவின்படி சிறைக்குப் போகிற குற்றம். அந்தப் பகுதியைக் கருப்புக் கட்டம் போட்டு மறைக்கச் செயலியிலேயே வசதி இருக்கும். கூட்டுக் குடும்பமாக இருந்தால் இன்னொன்று: சேர்ந்து வசிக்கும் வீட்டுக்குள் மற்றவர் சம்மதம் இல்லாமல் கேமரா ஓட்டக்கூடாது என்று சகோதரர்கள் இருவர் வழக்கில் 2025இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது, உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. தம்பி பெண்டாட்டி எத்தனை தடவை ஃபிரிட்ஜைத் திறக்கிறாள் என்று கணக்கெடுக்க ஆசைப்பட்ட அண்ணிமார்கள் பழையபடி நேரிலேயே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மின்தடைக்கு ஏற்பாடு செய்யுங்கள். கேமரா இன்வெர்ட்டரில் இருந்தாலும் ரவுட்டர் அணைந்தால் உங்களுக்குப் படம் வராது. ரவுட்டருக்கென்றே கையடக்க யுபிஎஸ் விற்கிறார்கள், வாங்கி வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக காலை 9 முதல் 2 வரை எந்தெந்தத் தெருவில் கரண்ட் இருக்காது என்பது முந்தின நாள் பேப்பரிலேயே வந்துவிடுகிறது. படிப்பவர்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள்.

கடைசியாக நேரம். இதை மட்டும் மறக்கவே கூடாது. பல கேமராக்கள் சீன நேரத்தோடு வந்து இறங்கும். அது நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. செயலிக்குள் போய் இந்திய நேரத்துக்கு மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒருநாள் உண்மையாகவே ராத்திரி இரண்டரை மணிக்கு ஒருவர் சுவரேறிக் குதித்து, வாசலில் நின்ற சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போகிறார். 20 அடிக்கு அப்பால், குல்லாய் போட்டு, 'யாரோ'வாக. காவல் நிலையத்தில் பென் டிரைவைக் கொடுக்கிறீர்கள். 2024 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, கோப்பின் ஹேஷ் மதிப்பைக் குறிப்பிட்டு, இது இந்தக் கருவியில் முறையாகப் பதிவானதுதான் என்று கையெழுத்திட்ட சான்றிதழும் தருகிறீர்கள். படத்தின் மூலையில் நேரம் 5:00 என்று பொறித்திருக்கிறது. ஐந்து மணிக்கு உங்கள் வாசலில் நடமாடுகிறவர் யார் என்று விசாரணை நடக்கும். தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள். செயலாளரை அழைத்து வந்து உட்கார வைப்பார்கள். அவரைக் காப்பாற்ற நீங்கள் மிச்சப் பதிவையும் ஓட்டிக் காட்டுவீர்கள்: இதோ பாருங்கள் சார், அவர் வருவது தனியாக, கம்போடு, பூ மட்டும்தான் பறிக்கிறார். அதன் மூலையில் நேரம் 7:30 என்று இருக்கும். படமோ கும்மிருட்டாக இருக்கும். எஸ்.ஐ. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, 'உங்க தெருவுக்கு மட்டும் ஏழரைக்கு விடியாதா சார்?' என்று கேட்பார். அப்போது சொல்வதற்கு ஒரு பதிலை இன்றைக்கே தயார் செய்துகொள்ளுங்கள். செயலாளரும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.